தோடர் மந்து: வீடு, பால் கோயில், கூரைப் புல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்கு வந்து, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கட்டடக்கலை மாணவர்கள், தங்கள் கல்லூரியிலோ விடுதியிலோ ஒரு ‘தோடர் குடிசை’ எழுப்ப நினைப்பவர்கள் – இந்த மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே. மூன்றாவது தரப்பு தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

மந்து என்றால் வீடா, ஊரா?

ஊர் என்றால் பெரிதாகிவிடும், வீடு என்றால் சிறிதாகிவிடும். ஒரு மந்தில் பெரும்பாலும் ஐந்தாறு வீடுகளுக்கு மேல் இருக்காது. அதோடு புனித எருமைகளின் பாலைக் கடையும் பால் கோயில் ஒன்று, கல்லால் வட்டமாகக் கட்டிய எருமைப் பட்டி, கன்றுக் கொட்டில், ஓடை, மேய்ச்சல் புல்வெளி, ஒட்டினாற்போல் ஒரு சோலை. இத்தனையும் சேர்ந்ததுதான் மந்து. வீட்டை மட்டும் படமெடுத்துவிட்டு ‘மந்து பார்த்தேன்’ என்பது, அடுப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன் என்பது போல.

உதகமண்டலம் என்ற பெயரிலேயே மந்து ஒளிந்திருக்கிறது. ‘ஒத்தைக்கல் மந்து’ மருவி வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இது விவசாயப் பண்ணையா?

எருமைப் பண்ணை. தோடர்கள் மரபாக ஏர் பிடித்தவர்கள் அல்லர். தானியம், இதே மலையில் உழவு செய்யும் படகரிடமிருந்து வந்தது. இரும்புக் கருவியும் மண்பாண்டமும், கைவினை தெரிந்த இன்னொரு நீலகிரிச் சமூகமான கோத்தரிடமிருந்து வந்தன. மாற்றாகப் போனது நெய்யும் பாலும். அதனால்தான் மந்தில் களஞ்சியமோ களத்துமேடோ தேடினால் கிடைக்காது. ஒரு உழவர் குடியிருப்பில் களஞ்சியத்துக்கு உள்ள மரியாதை இங்கே பால் கடையும் இடத்துக்கு.

மந்துக்கு இடம் எப்படி அமைகிறது?

முதலில் தண்ணீர். அதிலும் பால் கோயிலுக்கு ஒரு தண்ணீர், வீட்டுக்கு ஒரு தண்ணீர். இரண்டும் வேறு வேறு ஓடைகளாகவோ, ஒரே ஓடையின் வேறு வேறு இடங்களாகவோ இருக்கலாம், கலக்கக் கூடாது. அடுத்து, வீடு நிற்கும் இடம் லேசான சரிவாக இருக்க வேண்டும். மழைநீர் தேங்காமல் ஓடிவிடும். பக்கத்துச் சோலை காற்றைத் தடுக்கும், விறகும் தரும்.

மூன்றாவதை வெளியாட்கள் கவனிப்பதே இல்லை: கீழே பள்ளத்தில் ஒரு சதுப்பு. மேலே புல்வெளியில் எருமைக்கு மேய்ச்சல், கீழே சதுப்பில் கூரைக்கு நல்ல புல். சதுப்பை வடித்து மலைக்காய்கறித் தோட்டம் போட்டால் மந்தின் கூரையைப் பிடுங்கியதாக அர்த்தம்.

தோடர் வீட்டின் அளவு என்ன?

பழைய வீடுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு: நீளம் 18 அடி, அகலம் 9 அடி, உயரம் 10 அடி. மீட்டரில் சுமார் 5.5, 2.7, 3. தரைப்பரப்பு 162 சதுர அடி. இன்றைய அடுக்குமாடி வீட்டின் ஒரு நடுத்தர அறை, அவ்வளவுதான். ஒற்றை வீடு தவிர, இரு பக்கமும் வாசல் வைத்து நடுவே தடுத்த இரட்டை வீடும் உண்டு.

அரைவட்டக் கூரை என்கிறார்களே?

அரைவட்டம் இல்லை. கணக்குப் போட்டாலே தெரியும்: 9 அடி அகலத்துக்கு அரைவட்டம் என்றால் உயரம் நாலரை அடிதான் வரும். தோடர் வீடு 10 அடி. கூண்டு வண்டியின் கூண்டைக் கழற்றித் தரையில் வைத்து, இரு பக்கமும் நெருக்கி உச்சியைத் தூக்கிவிட்டால் எப்படி இருக்குமோ, அந்த வடிவம். பக்கங்கள் ஏறக்குறைய செங்குத்து, மேலே மட்டும் வளைவு.

மாதிரி கட்டுகிறவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். தகர ஷெட்டுக்கு வளைப்பது போல அரைவட்டமாக வளைத்துவிடுகிறார்கள். வளைவு எவ்வளவு தட்டையோ அவ்வளவு நேரம் மழைநீர் புல்லில் நிற்கும். இந்த மலையின் மழை லேசுப்பட்டதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. செங்குத்தான பக்கத்தில் நீர் நிற்காது. உச்சியில் உள்ள குறுகிய பட்டை மட்டுமே ஆபத்தான இடம். கூரை தரையைத் தொடுமளவுக்கு இறங்குவதால் காற்று உள்ளே நுழைந்து கூரையைத் தூக்கவும் வழியில்லை.

என்னென்ன பொருள், எவ்வளவு வேண்டும்?

மூங்கில், பிரம்பு, புல், முன்பின் சுவருக்குப் பலகை அல்லது கல். ஆணி கிடையாது.

மேலே சொன்ன அளவுக்கு ஒரு வளைவின் நீளம் 6.8 மீட்டர் வரும். இரு முனையும் மண்ணுக்குள் முக்கால் முழமாவது இறங்க வேண்டும் என்பதால் வளைவு ஒன்றுக்கு ஏழரை மீட்டர் மூங்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டருக்கு ஒன்று நட்டால் 12 வளைவுகள். வளைவுகளின் மேல் நீளவாக்கில் மெல்லிய மூங்கிலையோ பிரம்பையோ நெருக்கி நெருக்கி அடுக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்றால் சுமார் 340 வரிசை, வரிசைக்கு 5.5 மீட்டர், ஆக 1,900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு வரிசையையும் ஒவ்வொரு வளைவோடும் கட்டினால் நாலாயிரம் கட்டுக்கு மேல். வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் அந்த அழகான பின்னல், அலங்காரத்துக்காகப் போட்டதல்ல. இந்த நாலாயிரம் கட்டுதான்.

வேய வேண்டிய பரப்பு 37 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 20 சென்டிமீட்டர் கனத்துக்கு வேய்ந்தால் அழுத்திக் கட்டிய புல் ஏழரை கன மீட்டர். அறுத்துப் போட்ட நிலையில் அதைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஒரு வீட்டுக்கே இவ்வளவு.

கட்டும் வரிசையைச் சொல்ல முடியுமா?

மூங்கில் முதலில். மூன்று வருடத்துக்குக் குறைந்த இளமூங்கிலில் மாவுச்சத்து அதிகம். வண்டு துளைத்து உளுத்துவிடும். முற்றிய மூங்கிலை மழை ஓய்ந்த பிறகு வெட்ட வேண்டும். தேய்பிறையில் வெட்டு என்பார்கள் பெரியவர்கள். பிறை எப்படியோ, பருவம் முக்கியம். பெருமூங்கில் ஊட்டி உயரத்தில் வளராது. கீழ்ச்சரிவுகளிலிருந்து வர வேண்டும். வண்டிச் செலவையும் வனத்துறை அனுமதியையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

வளைவை ஈரம் காயும் முன்பே வளைத்து நட்டுவிட வேண்டும். காய்ந்த மூங்கிலை வளைத்தால் கணுவில் வெடிக்கும். முன்னும் பின்னும் உள்ள வளைவுகளை முதலில் நிறுத்தி, உச்சியில் நூல் பிடித்து, இடையிலுள்ளவற்றை அந்த நூலுக்கு ஒப்ப நடுவது எளிது. ஒரு வளைவு இரண்டு விரல் தாழ்ந்தாலும் அந்த இடத்தில் கூரை குழிந்து நீர் நிற்கும்.

பிறகு நீளவாக்கு வரிசைகள். கட்டும் பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிளந்து, ஈரத்தோடு கட்ட வேண்டும். காயும்போது சுருங்கி இறுகும். அதுவே பிரம்பின் பலம். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு: கட்டும்போது இறுக்கம், மூங்கில் காய்ந்து மெலிந்ததும் தொளதொளப்பு. ஆணி அடித்தால் மூங்கில் நாரோடு நாராகப் பிளந்துவிடும்.

புல்லைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். மேல் அடுக்கு கீழ் அடுக்கின் கட்டை மறைக்கும்படி இறங்க வேண்டும். கட்டு வெளியே தெரிந்தால் அந்த வழியாகவே நீர் இறங்கும். இரு பக்கமும் ஏறிவந்து உச்சியில் சேரும் இடத்தில் கூடுதல் அடுக்குப் போட்டு அழுத்திக் கட்ட வேண்டும். ஒழுகல் தொடங்குவது எப்போதும் அங்கேதான்.

முன் சுவரும் பின் சுவரும் முன்னாளில் மரப்பலகை. பிறகு செதுக்கிய கல்லும் வந்தது. முகப்பில் எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன் போன்றவை இடம்பெறும். கடைசியாக, வீட்டைச் சுற்றிச் சாந்து பூசாத கல் சுவர்.

வாசல் ஏன் அவ்வளவு சிறியது?

மூன்று அடி உயரம், மூன்று அடி அகலம். சில வீடுகளில் இன்னும் குறைவு. குனிந்தால் போதாது, தவழ வேண்டும். வனவிலங்கு நுழையாமல் இருக்க என்பதே எல்லோரும் சொல்வது. புலி நடமாடும் மலையில் அது பொய்யான காரணம் இல்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறையும் இரவு ஒன்றைக் கழித்தவர்களுக்கு இன்னொரு காரணம் தானாகவே விளங்கும். ஜன்னல் இல்லாத, பெரிய வாசல் இல்லாத வீட்டில் ஒரு சிறு நெருப்பே விடியும்வரை கதகதப்புத் தரும். வாசலை உள்ளிருந்து மரப்பலகையால் அடைத்துவிடுவார்கள்.

உள்ளே என்ன இருக்கும்?

நடுத்தர உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு பக்கம் படுக்க மண் திண்ணை, இன்னொரு பக்கம் அடுப்பு. தரையில் ஒரு குழி, தானியம் குத்த. அந்தக் குழியே எல்லைக்கோடு போலவும் இருந்தது: வாசல் பக்கம் ஆண்கள் தயிர் கடையும் இடம், உட்பக்கம் பெண்கள் புழங்கும் இடம்.

புகைபோக்கி இல்லையே, மூச்சு முட்டாதா?

முட்டும், கண்ணும் எரியும். புதிய வீடுகளுக்குப் பலர் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம், அதை மறைத்து அழகுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் கூரைக்கு அந்தப் புகையே மருந்து. புல்லின் ஊடே கசிந்து வெளியேறும் புகை, மூங்கிலில் வண்டு ஏறாமல் தடுக்கிறது. மழைக்காலத்தில் புல்லின் அடிப்பக்கத்தை உலர வைக்கிறது. ஆள் குடியிருக்கும் வீடும் பூட்டிக் கிடக்கும் வீடும் ஒரே நாளில் வேயப்பட்டிருந்தாலும், பூட்டிய வீட்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

கூரைக்கு எந்தப் புல்?

எல்லாப் புல்லும் ஆகாது. பால் கோயில்களுக்குத் தோடர்கள் ‘அவ்ஃபுல்’ என்று சொல்லும் சதுப்பு நிலப் புல்லை வேய்கிறார்கள். இது நீலகிரிக்கே உரிய அரிய வகை. உயரமாகவும் நேராகவும் வளரும்.

இந்தப் புல் குறைந்துபோன கதை, மரம் நட்ட கதை. சோலையும் புல்வெளியும் கலந்ததே இந்த மலையின் இயல்பு. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளியை ‘வெறும் நிலம்’ என்று எண்ணி, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை, பைன் என்று வரிசையாக நட்டார்கள். (இங்கே சீகை என்பது தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் அல்ல, தோல் பதனிடப் பட்டை தரும் ஆஸ்திரேலிய மரம்.) சீகை, நட்ட இடத்தோடு நிற்கவில்லை, தானே பரவியது. சதுப்பின் ஈரமும் குறைந்தது. அணைகள் சில பள்ளங்களை மூழ்கடித்தன. பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது, குந்தா அணைகள் அதற்குப் பின். மிச்சம் நல்ல புல்வெளி உள்ள இடங்களில் ஒன்று முக்குருத்தி. அது 1990-இல் தேசியப் பூங்காவானது. காப்பாற்றப்பட்டது, ஆனால் நினைத்தபோது போய்ப் புல் அறுக்கிற இடமாக இல்லை.

மூங்கிலைக் காசு கொடுத்து வாங்கலாம். கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புல் மட்டும் கடையில் கிடைக்காது. அதனால் சதுப்பை மீட்கும் வேலையை – சீகையை அகற்றுவது, நீர் வடியும் வாய்க்காலை அடைப்பது, நாட்டுப் புல்லை நாற்றாக நடுவது – வீடு கட்டும் வேலையின் முதல் படியாகவே வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பால் கோயில் என்பது என்ன?

கோயிலும் அதுவே, பால் பண்ணையும் அதுவே. புனித எருமைகளின் பாலைக் கடைந்து மோரும் வெண்ணெயும் எடுப்பதே அங்கே நடக்கும் வழிபாடு. விக்கிரகம் தேட வேண்டாம். பெரும்பாலானவை வீட்டின் வடிவத்திலேயே, சற்றுத் தள்ளி, தனிக் கல்மதிலுக்குள் இருக்கும். உள்ளே தடுத்து முன்னறை, உள்ளறை. பால் சார்ந்த பணி அதற்கென நோன்பிருக்கும் ஆணுக்கு மட்டுமே உரியது.

ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்தில் உள்ள ‘மூன்போ’ வேறு மாதிரி. வட்டமான அடித்தளம், கூம்பாக உயர்ந்த புல் கூரை, உச்சியில் ஒரு தட்டைக்கல். இந்த வடிவில் மிகச் சிலவே இன்று நிற்கின்றன. டிசம்பர், ஜனவரி வாக்கில் இங்கே நடக்கும் ‘மொற்பர்த்’ விழாவில் ஆண்கள் கூடி ஆடிப் பாடுவதும் இளவட்டக்கல் தூக்குவதும் நாளிதழ்களில் வருடந்தோறும் வரும் படம்.

ஆளே இல்லாத மந்தைப் பார்த்தோம். கைவிட்டுவிட்டார்களா?

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். கோடையில் மேய்ச்சல் காய்ந்தால் எருமைகளோடு மேற்கே ஈரமான புல்வெளிக்குப் போய்த் தங்கும் வழக்கம் உண்டு. அதற்கென்றே பருவகால மந்துகள் உண்டு. சடங்குக்கு மட்டும் கூடும் மந்துகளும் உண்டு. ஆளில்லாத மந்துக்கும் உரிமைக்காரக் குலம் இருக்கிறது. கல்லைப் பெயர்த்து எடுப்பது, உள்ளே கூடாரம் அடிப்பது எல்லாம் பூட்டிய வீட்டில் நுழைவதற்குச் சமம்.

படகர் ஹட்டியும் கோத்தர் ஊரும் இப்படித்தானா?

இல்லை, மூன்றும் மூன்று விதம். ஹட்டி என்பது படகர் ஊர். அங்கே வீடுகள் சரிவின் குறுக்கே ஒரே வரிசையாக, பக்கச் சுவரைப் பகிர்ந்தபடி நிற்கும். எதிரே தானியம் உலர்த்தவும் கூடிப் பேசவும் நீண்ட பொது முற்றம். முன்னாளில் புல், பிறகு ஓடு. பழைய படகர் வீட்டுக்குள்ளும் பாலுக்கென்று ‘ஹாகோட்டு’ என்ற தனி அறை இருந்தது என்பதைக் கவனியுங்கள். உழவரானாலும் பாலுக்கு இந்த மலையில் தனி மரியாதை. கோத்தர் ஊர்கள் மொத்தமே ஏழு. வீடுகள் தெருத்தெருவாக, கொல்லுப்பட்டறைக்கும் குயவு வேலைக்கும் இடம் விட்டு அமைந்தவை. இவற்றைத் தனியே எழுத வேண்டும். இங்கே இடம் போதாது.

தோடர்கள் ஏன் இப்போது கான்கிரீட் வீட்டில் இருக்கிறார்கள்?

நீங்களும் நானும் ஏன் இருக்கிறோமோ, அதே காரணம். விளக்கு, ஜன்னல், பிள்ளைகள் படிக்க இடம், புகையில்லாத சமையல். அரசு வீட்டுத் திட்டங்களும் சிமெண்டில்தான் வருகின்றன. ‘மரபை விட்டுவிட்டார்களே’ என்று வருத்தப்படுகிறவர்கள் ஒருமுறை ஆடி மாதத்தில் அந்த வாசல் வழியாகக் கைக்குழந்தையோடு தவழ்ந்து பார்க்கலாம். பால் கோயிலுக்குப் புல் கூரையை இன்னும் விடாமல் வேய்கிறார்களே, அதைப் பார்ப்பது நல்லது.

எங்கள் வளாகத்தில் மாதிரி வீடு கட்டலாமா?

வீட்டின் மாதிரியைக் கட்டலாம். பால் கோயிலின் மாதிரியை வேண்டாம். அதைக் காப்பிக் கடையாக்குவது ஒரு சமூகத்தின் கருவறையில் கல்லாப்பெட்டி வைப்பது. தோடர் கைவினைஞர்களையே அழைத்து, அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுத்துக் கட்டுங்கள். அவ்ஃபுல் கேட்காதீர்கள்; சமவெளியில் கிடைக்கும் விழல் போதும்.

பிறகு வழக்கமாக நடக்கும் கோளாறுகள். ஒழுகுமோ என்று பயந்து புல்லுக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பார்கள். ஈரம் வெளியேற வழியின்றிப் புல் உள்ளிருந்தே மக்கும். சிமெண்டுத் தரை போட்டு மூங்கிலின் காலை அதில் புதைப்பார்கள். கால்மாட்டில் நீர் சேர்ந்து அங்கேயே அழுகும். மண்ணில் நடுவதென்றால் முனையைத் தீயில் கருக்கி, சுற்றிச் சரளைக்கல் இட்டு, வெளிச்சரிவாக மண் அணையுங்கள். வாசலை ஆறடிக்கு உயர்த்துவார்கள். உடனே காற்று உள்ளே புகுந்து கூரையை அசைக்கும். மரத்தடி நிழலில் கட்டினால் புல் உலராது, பாசி பிடிக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும், உள்ளே நெருப்பு மூட்டாத கூரை சீக்கிரம் கெடும். மழைக்காலத்தில் வாரம் ஓரிரு முறையாவது, ஆள் பக்கத்தில் இருக்க, அடுப்பில் புகை போடுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு குடம் தண்ணீரும் அருகில் இருக்கட்டும்.

மந்தைப் பார்க்க வரலாமா?

வரலாம், கேட்டுவிட்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியில் உள்ள மந்து எளிதில் எட்டும் இடம். பால் கோயிலின் மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள், ஆண்களும்தான். பெண்கள் எதுவரை போகலாம் என்பதை அங்குள்ளவர்களே சொல்வார்கள், வாதாட வேண்டாம். பட்டிக்குள் இறங்காதீர்கள்: தோடா எருமை பழகியவரிடம்தான் சாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த புத்துக்குளி என்ற போர்வையோ பையோ வாங்குவதென்றால் செய்கிற பெண்களிடமே வாங்குங்கள். அந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கும். மாவட்டத்துக்குள் வண்டி கொண்டுவர 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.